ஆகாய மார்க்கத்தில் பாரதம் – 12: கான்பூரில் புதைந்தவை, பெங்களூரில் எழுந்தவை

சென்ற இதழில், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவும் வால்சந்த் ஹிராசந்தின் துணிவும் ஒன்று சேர்ந்து, 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனியைத் தோற்றுவித்த வரலாற்றைக் கண்டோம். சமஸ்தானம் இலவசமாக நிலம் வழங்கி, மூலதனத்திலும் 25 லட்ச ரூபாய் பங்கு கொண்டதையும், வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் இயந்திரங்களையும் நிபுணர்களையும் தருவித்ததையும், ஜப்பானியப் படைகள் பர்மாவினுள் விரைந்து முன்னேறிய 1942-இல் இந்திய சர்க்கார் நிர்வாகத்தை மேற்கொண்டதையும், அதற்கடுத்த ஆண்டு அமெரிக்க ராணுவ விமானப்படையே அதைத் தன் பொறுப்பில் ஏற்றதையும் விரிவாகச் சொல்லியிருந்தோம். புதிய விமானங்களைச் சிருஷ்டிக்க வேண்டுமென்ற ஆசையோடு பிறந்த ஒரு தொழிற்சாலை, யுத்தத்தின் நிர்ப்பந்தத்தால் பிறருடைய விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையாக மாறிவிட்டதே என்று அந்தப் பகுதியைப் படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கக்கூடும். அந்த வருத்தம் அவசியமற்றது என்பதையும், பழுதுபார்த்த அந்த மூன்று ஆண்டுகளில் நம்மவர் கைகள் கற்ற வித்தையே, சுதந்திரம் அடைந்த சிறிது காலத்துக்குள் இத்தேசத்துக்கு முதல் குண்டுவீச்சு விமானப் பிரிவைத் தேடித் தந்தது என்பதையும் நிரூபிப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

லிபரேட்டர் என்னும் பெரும் பறவை

நம் கதையின் நாயகனாகிய பி-24 லிபரேட்டர், அமெரிக்காவின் கன்ஸாலிடேட்டட் கம்பெனியாரால் வடிவமைக்கப்பட்டு, 1939-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி முதன்முதலாக ஆகாயத்தில் ஏறியது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 110 அடி. நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றும் 1200 குதிரைசக்தி. வாலில் இரண்டு செங்குத்துத் துடுப்புகள். பத்துப் பேர் வரையில் பிரயாணம் செய்யும் உடல். மெலிந்து நீண்ட அதன் இறக்கை, குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் செல்லும் சக்தியை அதற்கு அளித்தது. யுத்த காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இவ்வகை விமானங்களை 18,000-க்கும் அதிகமாகக் கட்டிக் குவித்தன. மிச்சிகன் மாகாணத்தில் இதற்கென்றே எழுப்பப்பட்ட போர்டு கம்பெனியின் வில்லோ ரன் தொழிற்சாலை, உற்பத்தி உச்சத்திலிருந்த நாட்களில், மணிக்கு ஒரு விமானம் என்ற வேகத்தில் வெளியிட்டது.

நெடுந்தூரம் பறக்கும் இந்த இயல்பினாலேயே வங்காள விரிகுடாவும் இந்து மகாசமுத்திரமும் சூழ்ந்த நம் பிரதேசத்துக்கு லிபரேட்டர் மிகவும் உகந்ததாயிற்று. பிரிட்டிஷ் ராஜாங்க விமானப்படை, பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த ஜப்பானியத் தளங்களைத் தாக்குவதற்கு இதையே முக்கிய ஆயுதமாகக் கொண்டது. பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலாரில் லிபரேட்டர் விமானிகளுக்குப் பயிற்சி நடந்தது. இலங்கையில் சிகிரியாவிலும், நம் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலும், பிறகு மின்னேரியாவிலும் தங்கியிருந்த 160-ஆம் பிரிவின் லிபரேட்டர்கள், கடலைக் கடந்து சிங்கப்பூர்த் துறைமுகம் வரை சென்று, அங்கே நீரில் கண்ணிவெடிகளை இட்டுவிட்டு மறுபடியும் இலங்கைக்குத் திரும்பின. இன்று பிரயாணிகள் சௌகரியமாக உறங்கிக்கொண்டு கடக்கும் அந்தத் தூரத்தை, அன்று அவ்விமானங்கள் இடைவழியில் எங்கும் இறங்காமல், போக வர ஒரே மூச்சில் கடந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் அவற்றின் ஆற்றல் விளங்கும்.

அழிக்கப்பட வேண்டுமென்ற சட்டம்

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. பிரிட்டிஷார் பயன்படுத்திய லிபரேட்டர்கள் பெரும்பாலும், கடன்-குத்தகைத் திட்டம் என்ற பெயரில், அமெரிக்கா யுத்தத்தின் பொருட்டுக் கொடுத்துவைத்தவை. யுத்தம் முடிந்ததும் அவற்றைத் திருப்பி அளிக்க வேண்டும், அல்லது விலை கொடுத்து வாங்க வேண்டும், அல்லது இனி எவருக்கும் உதவாதபடி அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. யுத்தத்தினால் வறுமையுற்றிருந்த பிரிட்டனுக்கு வாங்க வழியில்லை. ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தவித்த அமெரிக்காவுக்குத் திரும்பப் பெறுவதில் நாட்டமில்லை. ஆகவே மூன்றாவது வழியே எஞ்சியது.

கங்கைக் கரையிலுள்ள கான்பூர் நகரத்தை அடுத்த சக்கேரி விமான நிலையத்தில், கிழக்கு யுத்தரங்கத்தின் லிபரேட்டர்கள் வரிசை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அங்கே அவற்றைப் பாழாக்கும் பணி தொடங்கியது. கருவிகள் உடைக்கப்பட்டன, என்ஜின்களில் மணல் கொட்டப்பட்டது, கனத்த வண்டிகளை ஓட்டி விமானங்களின் உடலை இடித்து நசுக்கினார்கள். எந்தச் சிப்பாய்கள் சில மாதங்களுக்கு முன்பு வரை அவற்றை இரவும் பகலும் கண்ணுங்கருத்துமாகப் பராமரித்து வந்தார்களோ, அவர்களைப் போன்றவர்களே உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அவற்றைச் சிதைக்க நேர்ந்தது யுத்தத்தின் முடிவில் விளைந்த பல சோகங்களில் ஒன்று. பிறகு பிரிட்டிஷார் தேசத்தை விட்டுப் போனார்கள். விமானங்கள் அங்கேயே கிடந்தன. கான்பூரின் கோடை வெயிலும் பருவமழையும் மாறி மாறி அவற்றின்மேல் பெய்தன. புல் வளர்ந்து சக்கரங்களை மூடியது.

காஷ்மீரத்தின் அவசரம்

1947-இல் தேசம் பிரிவினை செய்யப்பட்டபோது விமானப்படையும் பிரிக்கப்பட்டது. நம் பங்குக்கு வந்தவை போர் விமானப் பிரிவுகள் சிலவும், டக்கோட்டா விமானங்கள் கொண்ட போக்குவரத்துப் பிரிவு ஒன்றுமே. கனத்த குண்டுகளைச் சுமந்து நெடுந்தூரம் செல்லத்தக்க பிரிவு ஒன்றுகூட இல்லை. இரண்டே மாதங்களில், அக்டோபர் 27-ஆம் தேதி, ஸ்ரீநகருக்குச் சேனையைச் சுமந்துகொண்டு டக்கோட்டாக்கள் பறக்க வேண்டியதாயிற்று. ஏர் கமடோர் மேஹர் சிங்கின் தலைமையில் பூஞ்ச் பள்ளத்தாக்கிலும் லே நகரத்திலும் அவ்விமானங்கள் நிகழ்த்திய சாகசங்களை வேறோர் அத்தியாயத்தில் சொல்வோம். இங்கே குறிப்பிட வேண்டியது ஒன்று: குண்டுவீச்சு விமானம் இல்லாத குறையினால், சரக்கு ஏற்றும் டக்கோட்டாவின் கதவைத் திறந்து வைத்து, அதன் வழியே குண்டுகளை உருட்டித் தள்ளிப் போரிட வேண்டிய நிலையில் நம் வீரர்கள் இருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து புதிய குண்டுவீச்சு விமானங்களை வாங்குவதென்றால் பணமும் வேண்டும், காலமும் வேண்டும், விற்பவரின் மனமும் வேண்டும். இவை மூன்றும் நம் வசத்தில் இல்லாத அந்த வேளையில், கான்பூரில் கிடக்கும் லிபரேட்டர்களின் நினைவு வந்தது. அவற்றுள் எவற்றையேனும் பறக்க வைக்க முடியுமா என்று ஆராயும் பொறுப்பு 1948-இல் பெங்களூர்த் தொழிற்சாலையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரு பிரயாணத்துக்கு மட்டும்

பெங்களூரிலிருந்து சென்ற தொழிலாளரும் என்ஜினீயர்களும் சக்கேரியில் முதலில் செய்த காரியம், எது பிழைக்கும், எது பிழைக்காது என்று பிரித்தறிவதே. பழைய ஆலயத்தை ஜீர்ணோத்தாரணம் செய்யப் புகும் ஸ்தபதி, எந்தத் தூண் இன்னும் பாரம் தாங்கும், எந்தக் கல்லை மாற்றியே தீர வேண்டும் என்று தட்டிப் பார்த்துத் தீர்மானித்த பிறகுதான் உளியை எடுக்கிறான்; அதே நிதானம் இங்கும் தேவைப்பட்டது. தோலாகிய தகடு கிழிந்திருந்தால் ஒட்டுப் போடலாம். கருவி உடைந்திருந்தால் வேறொன்றைப் பொருத்தலாம். ஆனால் இறக்கையின் உள்ளே முதுகெலும்பு போல ஓடும் உத்திரம் வளைந்திருந்தால் அந்த விமானத்தைக் கைவிட வேண்டியதுதான். கைவிடப்பட்டதும் வீணாகவில்லை, அதன் என்ஜினும் சக்கரமும் குழாயும் கம்பியும் வேறொன்றுக்கு உயிர் தந்தன. பல விமானங்களிலிருந்து திரட்டிய அங்கங்களைக் கொண்டு ஒரு விமானம் எழுந்து நின்றது.

கான்பூரில் முழுமையாகச் செப்பனிடுவதற்கு வேண்டிய வசதிகள் இல்லை. ஆகவே, ஒரே ஒரு பிரயாணத்துக்கு, அதாவது பெங்களூர் போய்ச் சேருவதற்கு மட்டும் தகுதி உண்டாக்கினால் போதும் என்று தீர்மானித்தார்கள். அந்த ஒரு பிரயாணத்தின் தூரம், ஆகாய வழியில் சுமார் 1500 கிலோமீட்டர். கங்கைச் சமவெளியை விட்டுக் கிளம்பி, விந்திய மலையைத் தாண்டி, கோதாவரியையும் கிருஷ்ணாவையும் கடந்து, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள மைசூர்ப் பீடபூமியில் இறங்க வேண்டும். சிதைக்கப்பட்டு, மழையில் நனைந்து, தற்காலிகமாக ஒட்டுப் போடப்பட்ட நான்கு என்ஜின் விமானத்தில் இந்தத் தூரத்தைக் கடப்பதென்பது எத்தகைய காரியம் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இக்காரியத்தை மேற்கொண்டவர் தொழிற்சாலையின் பரீட்சை விமானியாகிய காப்டன் ஜம்ஷெட் முன்ஷி. ஒரு விமானத்தை அப்படிக் கொண்டு சேர்ப்பதையே வாழ்நாள் முழுவதும் சொல்லிப் பெருமைப்படலாம். அவரோ ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் நாற்பது விமானங்களைப் பெங்களூரில் கொண்டு இறக்கிய முயற்சிக்கு நாயகராக விளங்கினார். கான்பூரில் கைவிட்டுப் போனவர்கள் இனி எழவே எழாது என்று எண்ணிய விமானங்கள், இன்று பழைய விமான நிலையச் சாலை என்று பெங்களூர் மக்கள் வழங்கும் பாதையின் ஓரத்திலுள்ள ஓடுதளத்தில், தம் சொந்த என்ஜின்களின் பலத்தால் வந்து இறங்கின.

கொட்டகையில் நடந்த வேலை

முன்ஷியின் வீரத்தை எல்லாரும் போற்றுகிறார்கள், போற்றத்தான் வேண்டும். ஆயினும் அந்த வீரம் வெறும் துணிச்சலாக முடியாமல் பயன் தந்ததற்குக் காரணம், கீழே கொட்டகைகளில் நடந்த பொறுமையான வேலையே. விமானம் பெங்களூர் வந்து சேர்ந்ததும் அதை அங்கம் அங்கமாகப் பிரித்தார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அந்தப் பிரித்தலுக்குள் அடங்கியிருக்கும் சாஸ்திரம் பெரிது.

விமானத்தின் மேல்தோல் அலுமினியக் கலப்பு உலோகத் தகட்டால் ஆனது. ஈரம் புகுந்தால் இவ்வுலோகம் இரும்பைப் போலச் சிவந்து துருப்பிடிப்பதில்லை. வெண்மையான பொடி பூத்து, தகட்டின் உட்புறமே அரித்துப் போகிறது. மேலே வர்ணம் பளபளவென்றிருக்க, அடியில் பலம் ஒழிந்திருக்கக்கூடும். ஆகையால் வர்ணத்தைச் சுரண்டி, சந்தேகத்துக்கு இடமான ஒவ்வோர் இடத்திலும் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, தகட்டை விலக்கி, உள்ளே பார்த்தாக வேண்டும். கெட்ட தகட்டின் அளவுக்குப் புதிய தகட்டை வெட்டி வளைத்து, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிக்க, வெளியே மற்றொருவர் ரிவெட்டை அறைந்து பொருத்த வேண்டும். இருவருடைய கைகளும் ஒரே லயத்தில் இயங்காவிட்டால் ரிவெட்டு கோணும். கோணிய ரிவெட்டுப் பாரம் தாங்காது.

எஃகு உறுப்புகளுக்குச் சோதனை வேறு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைக் கண்டுபிடிப்பதற்கு, உறுப்பைக் காந்தமாக்கி, இரும்புத் தூள் கலந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றுவார்கள். வெடிப்பிருக்கும் இடத்தில் தூள் கோடாகத் திரண்டு குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். எரிபொருள் பைகள் ரப்பரால் ஆனவை. குண்டு துளைத்தாலும் தாமாகவே துவாரத்தை அடைத்துக்கொள்ளும் தன்மை உள்ளவை. ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்தால் வெடித்து உதிரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் குழாய்கள், சுக்கான்களை இழுக்கும் எஃகுக் கம்பிகள், திசைகாட்டும் சுழல் கருவிகள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டியவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது என்ஜின். லிபரேட்டருக்கு அமைந்தது பிராட் அண்டு விட்னி கம்பெனியாரின் ட்வின் வாஸ்ப். வட்டமாக இரண்டு வரிசையில் ஏழேழாகப் பதினான்கு சிலிண்டர்கள், காற்றினால் குளிர்விக்கப்படுபவை. மணல் கொட்டப்பட்ட என்ஜினை அப்படியே ஓட்டினால் சில நிமிஷங்களில் தேய்ந்து பாழாகும். கடைசித் திருகு வரை கழற்றிக் கழுவி, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கூட்டி, சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்த பிறகே இறக்கையில் ஏற்றலாம்.

இந்த இடத்தில்தான் வாசகர்கள் ஒரு முக்கியமான சம்பந்தத்தைக் கவனிக்க வேண்டும். யுத்த காலத்தில் இந்தத் தொழிற்சாலை ஓவர்ஹால் செய்தனுப்பிய டக்கோட்டாக்களுக்கும், பெல்லந்தூர் ஏரியின் நீர்ப்பரப்பில் வந்திறங்கிய கட்டலினாக் கடல்விமானங்களுக்கும் அமைந்திருந்தது இதே ட்வின் வாஸ்ப் குடும்பத்து என்ஜின்தான். அமெரிக்கர்களின் மேற்பார்வையில் இரவும் பகலும் ஷிப்ட் ஷிப்டாக அந்த என்ஜின்களைப் பிரித்துக் கூட்டிய பெங்களூர்த் தொழிலாளிக்கு, லிபரேட்டரின் என்ஜின் அந்நியமானதல்ல. அமெரிக்கர்கள் போய்விட்டார்கள். யுத்த வேலை குறைந்ததும், தொழிற்சாலை தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, டக்கோட்டாக்களைச் செப்பனிடுவதோடு ரயில் பெட்டிகளையும் பஸ்களின் மேற்கூடுகளையும் கட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கற்ற கைகள் கலைந்து போகவில்லை. கான்பூர்ப் பணி வந்தபோது அந்தக் கைகள் தயாராக இருந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அற்புதமாகத் தோன்றியது, உள்ளே இருந்தவர்களுக்கு நேற்றைய வேலையின் தொடர்ச்சியாகவே இருந்திருக்கும்.

இருபது ஆண்டுச் சேவை

1948-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இந்திய விமானப்படையின் 5-ஆம் பிரிவு கான்பூரிலேயே தோற்றுவிக்கப்பட்டது. சுதந்திர பாரதத்தின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் பிரிவு அதுவே. அதற்குக் கிடைத்த விமானங்கள் பெங்களூரில் புத்துயிர் பெற்ற லிபரேட்டர்கள். எந்த நிலத்தில் அவை சிதைக்கப்பட்டனவோ, அந்த நிலத்துக்கே நம் விமானப்படையின் சின்னத்தைத் தாங்கி அவை திரும்பி வந்தன. 1951-இல் 6-ஆம் பிரிவும் லிபரேட்டர்களைப் பெற்று, நம் கரைகளுக்கு அப்பாலுள்ள கடலைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றது. 5-ஆம் பிரிவு 1957-இல் கான்பெரா ஜெட் விமானங்களுக்கு மாறிய பின்பும், 6-ஆம் பிரிவு தன் லிபரேட்டர்களை விடவில்லை. 1968-ஆம் ஆண்டின் முடிவு வரை அவை பறந்தன. 18,000-க்கு மேல் கட்டப்பட்ட ஒரு விமான வகையை உலகத்தில் கடைசிவரை ராணுவச் சேவையில் வைத்திருந்த தேசம் நம்முடையது. அழிவுக்கு விதிக்கப்பட்டவை, அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் உழைத்தன.

இதற்கிடையில் மற்ற தேசங்கள் தம்மிடமிருந்த லிபரேட்டர்களை உருக்கிப் பாத்திரங்களுக்கும் பண்டங்களுக்கும் உலோகமாக்கிவிட்டன. தம் தந்தையரும் சகோதரரும் எந்த விமானத்தில் பறந்து உயிர் நீத்தார்களோ, அதை ஒரு தடவையேனும் பார்க்க வேண்டுமென்ற ஏக்கம் அங்கே எழுந்தபோது, அவர்கள் தேடி வந்த இடம் இந்தியா. கனடா, ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து லிபரேட்டர் ஒன்றைப் பெற்றுக்கொண்டது. அந்த விமானம் இன்று ஆட்டவா நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. 1969-இல் மற்றொன்று அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்திலுள்ள பீமா காட்சிசாலைக்குப் பறந்து சென்றது. 1974-இல் இன்னொன்று, இந்திய விமானப்படையின் அன்பளிப்பாகப் பிரிட்டனை அடைந்தது. யாருடைய ஆட்கள் கான்பூரில் அவற்றை உடைத்தார்களோ, அந்த ராஜாங்க விமானப்படையின் காட்சிசாலையே நம்மிடமிருந்து ஒன்றைப் பெற்று இன்று பெருமையோடு காப்பாற்றி வருகிறது.

இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது, 1944-இல் டெக்ஸாஸ் மாகாணத்தின் போர்ட் வொர்த்தில் கட்டப்பட்டு, பிரிட்டிஷாரிடம் பணிபுரிந்து, இங்கே கைவிடப்பட்டு, நம் விமானப்படையில் மறுபிறவி எடுத்த ஒரு லிபரேட்டர். 1980-களின் தொடக்கத்தில் அது இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. ஃப்ளாரிடாவில் சுமார் 97,000 மணி நேர உழைப்பைச் செலவிட்டு அதைச் செப்பனிட்டு, 1989-இல் மறுபடியும் பறக்கவிட்டார்கள். ஊர் ஊராகப் பறந்து சென்ற அந்த விமானத்தை முதிய யுத்த வீரர்கள் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கினார்கள். அந்த வீரர்களுக்குக் கிடைத்த ஆறுதலுக்கு மூலகாரணம், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூர்க் கொட்டகையில் ரிவெட் அறைந்த தொழிலாளர்களின் உழைப்பு என்று கூறுவது மிகையாகாது.

நாம் செய்ய வேண்டியது

முன்ஷியும் அவருடைய தொழிற்சாலையும் லிபரேட்டரோடு நின்றுவிடவில்லை. வி. எம். காட்கே முதலான இந்திய என்ஜினீயர்கள் வடிவமைத்த எச்.டி.-2 என்ற பயிற்சி விமானத்தை, 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அதே முன்ஷி ஆகாயத்தில் ஏற்றினார். பழையதைப் பிரித்துக் கூட்டக் கற்ற தொழிற்சாலை, மூன்றே ஆண்டுகளில் தன் சொந்தச் சிருஷ்டியைப் பறக்கவிட்டது. இவ்விரண்டையும் தற்செயலாக அடுத்தடுத்து நிகழ்ந்தவை என்று நான் கருதவில்லை. பிறர் கட்டியதன் ஒவ்வோர் அங்கத்தையும் கையால் தொட்டு அறிந்தவர்களுக்கே தாமாகக் கட்டும் துணிவு பிறக்கிறது.

2018-இல் நம் விமானப்படை தன் பழம்பெரும் விமானங்களின் பிரிவில், பரசுராமா என்று பெயரிட்ட டக்கோட்டா ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. டக்கோட்டா விமானியின் புதல்வராகிய ராஜீவ் சந்திரசேகர் தம் தந்தையின் நினைவாக அளித்த கொடை அது. மனமார வரவேற்க வேண்டிய நற்செயல். ஆயினும் அது செப்பனிடப்பட்டது பிரிட்டனில். ட்வின் வாஸ்ப் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கூட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெங்களூரில், இன்று அந்த வேலையைச் செய்யத்தக்க கொட்டகை ஒன்று இருக்க வேண்டாமா? பழைய விமானங்களை மீண்டும் பறக்கச் செய்யும் பணிமனை ஒன்றை இந்நகரத்தில் நிறுவி, தொழிற்பயிற்சிப் பள்ளிகளிலிருந்து வரும் இளைஞர்களை முதிய தொழிலாளர்களிடம் சீடர்களாக அமர்த்துவது, சர்க்காரின் சக்திக்கு மீறிய காரியமன்று.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரலாற்று நூல்களில் விமானியின் பெயர் நிற்கிறது. ரிவெட் அறைந்தவரின் பெயரும் சிலிண்டர் கழுவியவரின் பெயரும் நிற்கவில்லை. அத்தொழிற்சாலையில் உழைத்தவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் அல்சூரிலும், முருகேஷ்பாளையத்திலும், பெங்களூரின் பிற பகுதிகளிலும், தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இன்று வாழ்கிறார்கள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் தாத்தாவின் ஹாஜர்ச் சீட்டோ, புகைப்படமோ, குறிப்புப் புத்தகமோ இருந்தால் அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அவர் சொல்லிக் கேட்டதை உங்கள் கையால் எழுதி, எச்.ஏ.எல். என்று வழங்கும் இத்தொழிற்சாலையின், பெங்களூரிலுள்ள பாரம்பரிய மையத்தில் ஒரு பிரதியைச் சேர்ப்பியுங்கள். இந்த வரலாற்றின் எஞ்சிய பக்கங்களை நீங்கள்தான் எழுத வேண்டும்.

(தொடரும்)